சாட்சிக் கையெழுத்துக்கு மேலே

தம்பி, அந்த ஈரத் துண்டை அந்தப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். என் மடியில் இருக்கிற பையில் கோர்ட்டுக் காகிதம் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக விழுகிறது பாருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்றைக்கு எனக்கு யாரைப் பார்த்தாலும் இப்படித்தான் பேச வருகிறது.

குற்றாலம் போய்விட்டு வருகிறீர்களாக்கும். நல்ல சாரலா? இருக்கும், இருக்கும். ஆடியில் இல்லாமல் வேறு எப்போது? இங்கேயே இருக்கிறேன், நான் அருவியில் தலை நனைத்துப் பல வருஷம் ஆகிறது. உலகம்மை கேட்டுக்கொண்டே இருப்பாள். உலகம்மை என் வீட்டுக்காரி. போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு முகூர்த்த நாள்கூட விடாமல் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியவன் நான். அருவிக்கும் ஆற்றுக்கும் எங்கே போக? அவள் எனக்குச் செய்துவிட்டுப் போயிருக்கிற காரியத்தைக் கேட்டால், ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போகாததே நல்லது என்று நீங்களே சொல்வீர்கள்.

நீங்கள் எதுவரைக்கும்? திருநெல்வேலியா? நான் ஆலங்குளத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

எங்கள் ஊரில் இறங்கி, சாட்சி சங்கரலிங்கம் வீடு எது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளையும் கையைக் காட்டும். வாசலில் சலவைக் கல்லில் என் பெயரை வெட்டிப் பதித்திருக்கிறேன். வீடு உலகம்மை பேரில். கல் என் பேரில். அவள் கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா எழுதிக் கொடுத்த வீடு. தாலி கட்டியவனுக்குக் கொடுத்தால் என்ன, மகளுக்குக் கொடுத்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று அந்தக் காலத்தில் நானும் சும்மா இருந்துவிட்டேன்.

சாட்சி என்பது பட்டப் பெயர் என்று நினைக்காதீர்கள். தொழில். பத்திரம் பதிகிறவர்களுக்கு இரண்டு சாட்சி வேண்டும். அசலூரிலிருந்து வருகிறவனுக்கு ஆள் கிடைக்காது. உள்ளூர்க்காரனுக்குச் சொந்தக்காரனைக் கூட்டிவந்தால் விஷயம் வெளியே போய்விடும் என்று பயம். அப்போது யார்? நான்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மை நிரப்பின பேனா. ஆபீஸுக்கு எதிரே பத்திர எழுத்தர் ஆறுமுகநயினாரின் மேஜை. அதற்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல். வருகிறவர்கள் ஒரு டீ வாங்கிக் கொடுப்பார்கள், கையில் ஏதாவது வைப்பார்கள். நான் கேட்டு வாங்கியதில்லை.

ஒரு பத்திரத்தையாவது நான் படித்திருப்பேன் என்று நினைக்கிறீர்களா? கிடையாது. சாட்சி என்பவன் கையெழுத்துப் போடுகிற கையைப் பார்க்கிறவன். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறவன் இல்லை. இது நான் சொல்வதில்லை, சட்டம். எந்த வக்கீலை வேண்டுமானாலும் கேளுங்கள். நயினாரும் அது தெரிந்தவர். நான் போடுகிற இடம் மட்டும் தெரிகிற மாதிரி, மேலே ஓர் அட்டையை வைத்து மூடிக்கொள்வார். "அண்ணாச்சி, இங்கன" என்பார். போடுவேன். மேலே அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிற பாகப் பிரிவினை இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்கிற விளைநிலமாக இருந்தாலும் சரி, எனக்கென்ன? படித்தால்தான் பாவம்.

சில பத்திரங்கள் தகராறாகிக் கோர்ட்டுக்குப் போகும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். கூண்டில் ஏறி நின்றேன் என்றால் நான்கு கேள்வி, நான்கு பதில். எழுதிக் கொடுத்தவரைத் தெரியுமா? தெரியும். உம் கண் முன்னால் கையெழுத்துப் போட்டாரா? போட்டார். அவர் பார்க்க நீர் போட்டீரா? போட்டேன். அப்போது சுய நினைவோடு இருந்தாரா? நல்ல நினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், மனப்பூர்வமாகப் போட்டார். அவ்வளவுதான். குறுக்கு விசாரணையில் எத்தனை கொம்பன் வக்கீல் வந்தாலும் அதற்கு மேல் ஒரு சொல் என்னிடம் வாங்க முடியாது. ஒரு ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார், "சாட்சின்னா இப்படி இருக்கணும்யா" என்று. அதை நான் உலகம்மையிடம் வந்து சொன்னேன். அவள் குழம்பை இறக்கிக்கொண்டே, "யாரு தோத்தாவ?" என்று கேட்டாள். பாருங்கள், அவள் புத்தி போகிற போக்கை.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அது அவளிடம் உள்ள குறை. டாக்டரிடம் அவளைத்தான் அனுப்பினேன். அந்த அம்மா என்னையும் வரச் சொல்லி அனுப்பினாள். எனக்கு எதற்கு? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?

இனி ஆவுடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பேரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்கிறது. என் தம்பி சண்முகவேலின் பெண்டாட்டி. தம்பி லாரி ஓட்டினான். விருதுநகரைத் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி இறங்கியவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் பிள்ளை இல்லை. எங்கள் அப்பா வீடு கீழத்தெருவில் இருந்தது. எனக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. தம்பி போனதும் அவன் பாதி ஆவுடைக்கு என்றாகிறது. நேற்று வந்தவளுக்கு எங்கள் அப்பா வீட்டில் பாதி. இதை எந்த மனுஷன் பொறுப்பான்?

நான் சண்டை போடவில்லை. அடிக்கவில்லை. முறைப்படி ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது என் பாகம் எனக்கு வேண்டாம், மூத்தாருக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம், அதை நயினாரிடம் எழுதச் சொன்னேன். தம்பிக்குக் கருமாதி முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஆவுடையைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் கேட்டாள், "அத்தான், எதுக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்?" என்று. "விதவைப் பென்ஷன் வாங்கணும்லா. அதுக்கு. கையெழுத்துப் போடுறதுக்கு எதுக்கு ஆயிரம் கேள்வி?" என்றேன். கூடவே நடந்து வந்தாள். ரிஜிஸ்தரார் "சம்மதம்தானம்மா?" என்று கேட்டார். என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். எல்லாம் சட்டப்படி நடந்தது.

என்ன பார்க்கிறீர்கள்? அவளுக்குப் பென்ஷன் பிறகு வந்தது, தம்பி. வராமலா போய்விட்டது? உலகம்மை அலைந்து வாங்கிக் கொடுத்தாள்.

குடும்பச் சொத்து இரண்டாகப் பிரிந்தால் யாருக்கும் உதவாது. ஒரே கையில் இருக்க வேண்டும். ஒரே கையில் இருந்ததால்தான் நல்ல விலை கிடைத்தது. அரிசி மில்காரர் கேட்டார், கொடுத்துவிட்டேன். அந்தப் பணத்தில்தான் உலகம்மை வீட்டு முன்பக்கத்துக்குக் கான்கிரீட் போட்டேன், சலவைக் கல்லும் வைத்தேன். எனக்கா செலவழித்துக்கொண்டேன்? வீட்டுக்குத்தானே?

வீட்டை மில்காரரிடம் ஒப்படைக்கிற அன்றைக்குத்தான் ஆவுடைக்கு விஷயம் தெரிந்தது. தெருவில் நின்று அழுதிருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று உலகம்மையிடம், "அக்கா, பென்ஷன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாரு" என்றாள். ஒரே ஒரு வார்த்தை. கோள் மூட்டுகிறவர்கள் நீளமாகப் பேசமாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா?

உலகம்மை என்னிடம் திரும்பி, "அப்படியா சொன்னீங்க?" என்றாள்.

"ஆமா, சொன்னேன். இப்ப என்ன?"

அவள் போய்ப் பெட்டியில் ஒரு பக்கம் பிடித்து இறக்கினாள். பின்பக்கம் விறகு போடுகிற சாய்ப்பு ஒன்று உண்டு, தகரம் போட்டது. அதைக் கூட்டிப் பெருக்கி ஆவுடையை அங்கே வைத்தாள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வீடு அவள் பேரில் இருக்கிறது, நான் என்ன செய்ய முடியும்? சாய்ப்பு என்றால் மோசமில்லை, தம்பி. நல்ல இடம்தான். வடக்கு மூலையில் கொஞ்சம் ஒழுகும். ஒழுகினால் ஒரு சட்டியை வைத்தால் தீர்ந்தது. அந்தத் தகரத்தை மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று உலகம்மை என் பிராணனை வாங்கினாள். ஓசியில் இருக்கிறவளுக்கு ஒழுகாமல் வேறு இருக்க வேண்டுமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்றையிலிருந்து உலகம்மை என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். சாப்பாடு வரும், காப்பி வரும், வேட்டி துவைத்து வரும். பேச்சு வராது. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. ஓரகத்திகள் என்றால் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்கமாட்டாள் என்று உலகத்தில் சொல்வார்கள். இந்த இரண்டு பேரும் பின்வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே சிரிப்பார்கள். நான் போனால் நிறுத்திவிடுவார்கள்.

பாவூர்சத்திரம் வந்துவிட்டதா? ஏறுகிறவன் மூட்டையை உங்கள் காலில் வைக்கப் போகிறான், பாருங்கள். ஏய், அதை அங்கிட்டுத் தள்ளி வையிப்பா. காய் மூட்டைக்கு இருக்கிற இடம் மனுஷனுக்கு இல்லை.

எங்கே விட்டேன்? ஆமாம். அந்த நாள்.

வைகாசி முகூர்த்தம். ஆபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். டோக்கன் வாங்கினவன், வாங்காதவன், மாப்பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க வந்தவன் என்று நிற்க இடமில்லை. எனக்கு ஓய்வே இல்லை, போட்டுக்கொண்டே இருக்கிறேன். நிமிர்ந்து பார்க்கிறேன், நயினார் மேஜைக்கு முன்னால் உலகம்மை நிற்கிறாள். கையில் தூக்குவாளி. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாளாம். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் ஆபீஸ் பக்கம் வராதவள், அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? "இங்க எதுக்கு வந்தே? போ, வீட்டுக்குப் போ" என்றேன்.

"போறேன். ஒரு கையெழுத்து இருக்கு" என்றாள்.

நயினார் ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார். வெள்ளைத் தாள், தம்பி. முத்திரைத் தாள் இல்லை. கிரயமோ, செட்டில்மெண்டோ, விடுதலையோ என்றால் முத்திரைத் தாள் வேண்டும். வெள்ளைத் தாள் என்றால் மனு. தாசில்தாருக்கு, பஞ்சாயத்துக்கு, யாருக்காவது. அப்படித்தானே எவனும் நினைப்பான்? அவள் என் கண் முன்னால் குனிந்து, நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, 'உலகம்மாள்' என்று போட்டாள். அவள் கையெழுத்தை நான் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். நல்ல கையெழுத்து. நயினார் ஒரு சாட்சி போட்டார். பிறகு மேலே அட்டையை வைத்தார். "அண்ணாச்சி, இங்கன" என்றார்.

"என்ன தாளு இது?" என்று நான் கேட்டேன். கேட்டேன் தம்பி. என் தொழிலில் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

உலகம்மை சொன்னாள்: "பென்ஷனுக்கு. கையெழுத்துப் போடுறதுக்கு எதுக்கு ஆயிரம் கேள்வி?"

போட்டுவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். தூக்குவாளியை ஸ்டூலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. நன்றாக இருந்தது.

ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி, நான் வேறு மாதிரி நினைத்தேன். இன்றைக்குக் கோர்ட்டிலும் இந்த இடம் வந்தபோது ஒருத்தன் இருமினான்.

முதியோர் பென்ஷன் என்று நான் நம்பினேன். மாதம் போகிறது, பணம் வரவில்லை. நான் சும்மா விடுகிற ஆளா? வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போய், "என் வீட்டுக்காரி மனு கொடுத்து எவ்வளவு நாளாச்சு, என்னய்யா பண்ணுதீங்க?" என்று சத்தம் போட்டேன். அப்படி மனுவே வரவில்லை என்றான். தொலைத்துவிட்டுப் பொய் சொல்கிறாயா என்று மேஜையில் தட்டினேன். போகும்போதும் வரும்போதும் சண்டை. வீட்டுக்கு வந்து உலகம்மையிடம் சொன்னால், "வரும், வரும். வர வேண்டிய ஆளுக்கு வந்து சேரும்" என்பாள். பின்வாசலில் ஆவுடை புடவைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொள்வாள். எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசியில் காய்ச்சல் வந்து உலகம்மை படுத்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். ஆவுடை ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கும் முகூர்த்த நாள். நான் போய் என்ன செய்யப் போகிறேன்? நான் டாக்டரா? சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்கு முன்னாலேயே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி. அதை விடுங்கள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். நான் ஆவுடையைக் கூப்பிட்டேன். "உன்னை வச்சிருந்தவ போயிட்டா. இனிமே நீ இங்க எதுக்கு? உங்க ஊரைப் பாத்துப் போ" என்றேன். நியாயமான பேச்சுத்தானே? அவள் சாய்ப்புக்குள் போய் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது என் கையெழுத்து. கீழே இரண்டு சுழி போட்டு இழுப்பேன், எங்கள் தாலுகாவில் அந்தச் சுழி வேறு யாருக்கும் வராது. அதைப் பார்த்ததும், சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் அதற்கு மேலே படித்தேன். வாழ்நாளில் முதல் தடவையாகச் சாட்சிக் கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று படித்தேன்.

உயில், தம்பி. உயிலுக்கு மட்டும் முத்திரைத் தாள் வேண்டியதில்லை. பதிய வேண்டும் என்றும் கட்டாயமில்லை. வெள்ளைத் தாள் போதும், இரண்டு சாட்சி போதும். எனக்குத் தெரியாதா? எனக்குத்தான் தெரியும்.

'என் ஓரகத்தி ஆவுடையம்மாளின் பங்கு என் கணவர் கைக்குப் போய்விட்டபடியால், என் வீடு என் காலத்துக்குப் பிறகு ஆவுடையம்மாளுக்குச் சேர வேண்டியது.' இவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். நான் என்று ஒருவன் வாழ்ந்ததற்கு அந்தத் தாளில் வேறு ஒரு வரி கிடையாது. அது எங்கள் அப்பா சொத்து, இது இவள் அப்பா சொத்து. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். சம்பந்தம் இருக்கிறதா?

சரி, சொல்ல வேண்டாம்.

நயினாரிடம் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். அவன் அதற்கு முந்தின தை மாதமே செத்துப்போனான். கூடவே உட்கார்ந்து டீ குடித்தவன். சுடுகாட்டில் போயா கேட்க முடியும்? வீட்டைக் காலி செய்ய முடியாது என்று நான் உட்கார்ந்துகொண்டேன். ஆவுடை கேஸ் போட்டாள். அவள் வாதி, நான் பிரதிவாதி. இப்போது பாருங்கள் வேடிக்கையை. உயில் உண்மை என்று காட்ட, சாட்சி போட்டவன் ஒருத்தனாவது கூண்டில் ஏற வேண்டும். ஒருத்தன் செத்துப்போனான். இன்னொருத்தன் யார்? நான். என் மேல் போட்ட கேஸில், எனக்கு எதிராக, அவளுக்குச் சாட்சி சொல்ல எனக்கே சம்மன். எங்கள் ஊரில் டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் டீ குடித்தார்கள்.

என் வக்கீல் தேவசகாயம் கெட்டிக்காரர். "அண்ணாச்சி, கையெழுத்து என்னுதில்லைன்னு சொல்ல முடியாது. உங்க சுழி ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மூட்டை மூட்டையா கிடக்கு. அவங்க போட்டதைப் பாக்கலைன்னும் சொல்ல முடியாது. பாக்காமதான் சாட்சி போடுவேன்னு நீங்களே ஒத்துக்கிட்டா, இதுக்கு முந்தி சொன்ன சாட்சியெல்லாம் சந்திக்கு வரும். ஒரே வழிதான் இருக்கு. அம்மாவுக்கு அப்ப புத்தி சரியில்லைன்னு சொல்லுங்க."

அதில் பொய் என்ன இருக்கிறது? நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். தாலி கட்டினவனோடு பேசாமல், பின்வாசலில் உட்கார்ந்து சிரிக்கிறவளுக்குப் புத்தி சரியாகவா இருக்கும்? தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஓரகத்திக்குப் போட்டவளுக்கு? ஆடிக்கு ஆடி குற்றாலம், குற்றாலம் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு வருஷம் நான் வரவில்லை என்றதும், ஆவுடையைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்க் குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு வந்து நின்றாள். இப்படி, உங்களை மாதிரி. துண்டிலிருந்து சொட்டச் சொட்ட. எங்கே போனாய் என்றால், "குளிக்க" என்றாள். இது பைத்தியம் இல்லாமல் என்ன? இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல மனப்பாடம் பண்ணிக்கொண்டுதான் இன்றைக்குக் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

டவாலி என் பேரை மூன்று தடவை கூப்பிட்டான். கூண்டில் ஏறினேன். ஏறினதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. எனக்குப் பழகின இடம் அது. கையை எங்கே வைக்க வேண்டும், ஜட்ஜைப் பார்த்து எப்படி நிற்க வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆவுடையின் வக்கீல் ஒரு சின்னப் பெண். படிப்பை முடித்து எத்தனை நாள் இருக்குமோ. கையில் குறிப்புக்கூட இல்லாமல் எழுந்து வந்தாள். இவளை ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த உயிலைக் காட்டினாள். இது உங்கள் கையெழுத்தா என்றாள். ஆமாம் என்றேன். அதை மறுக்கப் போவதில்லை என்று முன்பே முடிவு செய்ததுதான். பிறகு, ரொம்ப மரியாதையாக, மெதுவாக, கேட்டாள்.

"எழுதிக் கொடுத்தவரைத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்க கண் முன்னால கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டார்."

"அவர் பாக்க நீங்க போட்டீங்களா?"

"போட்டேன்."

"அப்போ சுய நினைவோட இருந்தாரா?"

"நல்ல நினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், மனப்பூர்வமாகப் போட்டார்."

நான் சொல்லவில்லை, தம்பி. நாக்கு சொன்னது. அந்த வரிசையில் அந்த நான்கு கேள்வியைக் கேட்டால் என் வாயில் அந்த நான்கு பதில்தான் வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. நான் முன்னால் சொன்ன சாட்சியத்தையெல்லாம் தேடி எடுத்துப் படித்திருக்கிறாள். "நன்றி, வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டாள். டைப் அடிக்கிறவன் அடித்து முடிக்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. "ஐயா, அது வழக்கமாகச் சொல்கிறது" என்றேன். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "வழக்கமா சொல்றது பொய்யா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் நான் யார்? இல்லை என்று சொன்னால் வீடு யாருடையது?

"இல்லைங்கய்யா" என்றேன்.

தேவசகாயம் வெளியே வந்து என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே, "அந்தம்மா கேஸுக்கு வக்கீலே தேவையில்லை அண்ணாச்சி, நீங்க ஒருத்தரே போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

வேப்பமரத்தடியில் ஆவுடை நின்றாள். உலகம்மையின் சங்கிலி அவள் கழுத்தில். கோர்ட்டுக்கு வருவதற்கென்றே போட்டுக்கொண்டு வந்திருப்பாள். என்னைத் திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டியிருப்பேன். கிட்டே வந்து, அடக்கமாகத்தான் பேசினாள். அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தான், தீர்ப்பு வர முந்தியே நாம முடிச்சிக்கிடலாம்னு வக்கீலம்மா சொல்லுதாவ. ஒரு தாளு எழுதித் தந்திருக்காவ. அவசரம் இல்ல. ஆடியில யாரும் வீடு மாறமாட்டாவ. ஆவணி பொறந்ததும் முன்வீட்டை எனக்கு ஒழிச்சிக் குடுத்துட்டு, நான் இருந்த சாய்ப்புல நீங்க இருந்துக்கிடுங்க. உங்க காலம் மட்டும் வாடகை வேண்டாம்."

நான் பையை மாற்றிப் பிடித்தேன். அவளே சொன்னாள்.

"நல்ல இடந்தான் அத்தான். வடக்கு மூலையில கொஞ்சம் ஒழுகும். ஒரு சட்டி வச்சாத் தீந்தது."

தாளை என் கையில் வைத்துவிட்டு நடந்தாள். நாலடி போய்த் திரும்பி, "அந்த வாசல்ல இருக்கிற கல்லையும் பேத்து எடுத்துக்கிடுங்க. சாய்ப்புல சட்டியை வைக்க உதவும்" என்றாள். இவளைத்தான், தம்பி, வாயில்லாப் பூச்சி என்று ஊரெல்லாம் சொல்கிறது.

இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. வெள்ளைத் தாள். அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எனக்கு இடம் விட்டிருக்கிறார்கள். கையெழுத்தை மட்டும் நாளைக்குள் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். போடாவிட்டால் தீர்ப்பு வந்ததும் சாய்ப்பும் கிடையாது.

அடுத்த ஸ்டாப் நம்முடையதுதான். உங்கள் கை காய்ந்துவிட்டதா? நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். என் கண்ணாடியைக் கோர்ட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இதைக் கொஞ்சம் படியுங்கள். முதல் எழுத்திலிருந்து, ஒன்றுகூட விடாமல், நிதானமாகப் படியுங்கள். டிரைவர் நிறுத்தினால் நிறுத்தட்டும், நான் ஆலங்குளத்திலேயே இறங்கித் திரும்பி வந்துகொள்கிறேன்.

ம். ம். பின்பக்கத்துச் சாய்ப்பு. ஆயுட்காலம் வரை. சரி. வாடகை இல்லாமல். சரி. தகரத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? அதை யார் மாற்ற வேண்டும் என்று? இல்லையா? நன்றாகப் பாருங்கள் தம்பி. சாட்சிக் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே பாருங்கள்.